அந்த அறை யாருக்குச் சொந்தம்

காலையில் கோமதிநாயகத்துக்குக் கத்துவேன்.
பொழுது சாய்ந்தால் அருள்திரவியத்துக்கு.
அதே ஆட்டோ, அதே மைக்செட், அதே தொண்டை.
கொக்கிரகுளத்தில் நிறுத்தி
பேனரை மட்டும் மாற்றிக் கட்டுவேன்.

"ஆம்பளைன்னா மேடைக்கு வால" என்று
முருகன்குறிச்சியில் விட்ட சவாலுக்கு
"வந்துட்டோம்ல" என்று
வண்ணார்பேட்டையில் பதில் சொன்னதும் நான்தான்.

ரெண்டு பேரும் ஒருகாலத்தில் ஒரே கம்பெனி.
பிரிந்தபோது மேடை இவருக்கு, மணி அவருக்கு.
அதிலிருந்து கோமதிநாயகத்தின் ரவுண்டுகள்
எவர்சில்வர் தட்டில் கரண்டி அடித்துத் தொடங்கும்.
அருள்திரவியத்தின் பயில்வான்கள்
பந்தல்காரர் ஜமுக்காளத்தில் விழுந்து முழங்கை தேய்வார்கள்.
மணி மட்டும் கணீரென்று இருக்கும்.

ஆட்டத்தில் எல்லாம் பேசிவைத்ததுதான்.
யார் விழணும், எத்தனையாவது நிமிஷம்,
எந்தப் புருவத்தில் பிளேடு.
பேசிவைக்காதது
முதலாளிகள் ரெண்டு பேரின் வயிற்றெரிச்சல்.
ஒருத்தர் ஜீப்பில் சவப்பெட்டி ஏற்றி வந்தார்.
மறுநாள் மற்றவர் கழுதைக்கு முகமூடி மாட்டி
ஜங்ஷனைச் சுற்றினார்.
கழுதைக்கு நல்ல கைதட்டல்.

ஆனி மாசம் அருள்திரவியத்துக்கு
அந்த யோசனை வந்தது.
கண்ணீர் அஞ்சலி.
எதிர்க் கம்பெனிச் சங்கிலிபூதத்தை
முகமூடி இல்லாத முகத்தோடு
முக்கூடல் கொம்பையா என்ற சொந்தப் பேரில்
கறுப்புக் கட்டத்துக்குள் அடைத்து,
மறைவு என்ற இடத்தில்
சனிக்கிழமை ஆட்டத்தின் தேதி.
தன் கம்பெனிப் பேரை அடியில்
எறும்பு எழுத்தில்.
பசை காய்ச்சியது நான். ஒட்டியது நான்.
முக்கூடலுக்கு மட்டும் ஏன் நாற்பது என்று கேட்கவில்லை.
தாளுக்கு மூணு ரூபாய்.

ஆவுடைத்தாய் அன்று
சுற்றின பீடியைக் கொடுக்கக் கடைக்குப் போயிருக்கிறாள்.
கட்டு எண்ணுகிற கணக்குப்பிள்ளை
அவள் முகத்தைப் பார்க்காமல்
"இன்னைக்கும் வரணுமாம்மா" என்றாராம்.

அவன் போன்
கழற்றிப்போட்ட பேண்ட் பைக்குள் கிடந்தது.

அவள் திடலுக்குள் வந்தபோது
செத்தவன் ரெண்டாவது கயிற்றில் ஏறி நின்று
தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான்.
முகமூடியை அவள் பார்க்கவில்லை.
இடது காலைப் பார்த்தாள்.
சுண்டுவிரல் இல்லாத கால்.
கொஞ்சநேரம் அதையே பார்த்தாள்.
பிறகு சேலையை இழுத்துச் செருகி
கயிற்றுக்கு அடியில் குனிந்து மேலே ஏறி
"போஸ்டர் ஒட்டின சவத்துமூதி எவம்ல?" என்றாள்.

எதிராளி அனுப்பின ஆள் என்று நினைத்து
கோமதிநாயகம் சனத்தைப் பார்த்துக் கையை விரித்துச் சிரித்தார்.
வெள்ளை சபாரி. புது மோதிரம்.

அறைந்தாள்.

என் கையில் மைக் இருந்தது.
நாலு குழாய் வழியாகப் போன அந்தச் சத்தம்
ஆத்துப்பாலத்தில் நின்றவர்களுக்கும் கேட்டதாம்.
பதினொரு வருஷத்தில் அந்த மேடை பார்த்த
ஒத்திகை இல்லாத அடி.
சனம் எழுந்து விசிலடித்தது.
இன்னொண்ணு, இன்னொண்ணு என்றது.
பசைவாளி என் ஆட்டோ சீட்டுக்கு அடியில் இருந்தது.
நான் மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அந்த அறை யாருக்குச் சொந்தம் என்று
பாளையங்கோட்டை கோர்ட்டில் இப்போது வழக்கு.
மேடை என்னுது, கன்னம் என்னுது
என்கிறார் கோமதிநாயகம்.
போஸ்டர் என்னுது, கோபம் அதில் வந்தது
என்கிறார் அருள்திரவியம்.
தனித்தனியாக ரெண்டு பேரும்
ஆப்பிள் பையும் அட்வான்ஸுமாக
முக்கூடலுக்குப் போனார்கள்.

ஆவுடைத்தாய் முறத்தை மடியைவிட்டு இறக்கவில்லையாம்.
இலையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாளாம்,
"ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி இருக்கு.
அடிக்கு என்ன ரேட்டு வச்சிருக்கிய?"
சொன்னார்கள்.
"அப்பம் அன்னைக்கி அடிச்ச பாக்கியைக் குடுங்க."

கொம்பையா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தானாம்.
முகமூடி கொடியில் காய்ந்ததாம்.

அடுத்த ஆட்டத்துக்கு
முக்கூடல் பக்கம் விளம்பரம் போகணுமாம்.
வண்டி மக்கர் என்று
ரெண்டு பேரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.