காலிப் பத்தி

கசில்டா எச்செவெரி
எந்தச் செய்திக்கும் கீழே பெயர் போட்டதில்லை.
எண்ணிக்கையை வைத்துத்தான் அவளைப் பிடித்தேன்.

உருகுவாய் ஆற்றங்கரை இறைச்சி ஆலையில்
'கலவரம்' என்று மற்றவர்கள் எழுதிய அன்று
படகுத்துறையில் கிடந்த தொப்பிகள் பதினொன்று
என்று எழுதியவள் அவள்.
ஒன்றில் வியர்வை இன்னும் காயவில்லை, என்றும்.

மூன்று வருடம். நாலாயிரத்துச் சொச்சம் பக்கங்கள்.
ஸ்கேனர் வெளிச்சத்தில் தாள் உமியாய் உதிர்கிறது.
மாலையில் சட்டைக்கையை உதறினால்
தரையில் கொஞ்சம் 1917.

மார்ச் பதினாலு.
மூன்றாம் பத்தி முழுக்க வெள்ளை.
அச்சேறுமுன் தணிக்கைக்காரர் உருவிய இடம்.
'எழுத்து எதுவும் இல்லை. நீக்கலாமா?'
என்கிறது இயந்திரம்.

பெரிதாக்கினேன்.
பின்பக்க விளம்பரம் இடவலம் மாறிக் கசிந்திருந்தது:
மாட்டுத்தோல் விலை, பல்வலித் தைலம்.
இன்னும் பெரிதாக்கினேன்.
பத்தியின் அடியில், ஓரமாக,
பிடுங்க மறந்த ஓர் அச்சு:
7.

ஏழு என்ன?
தொப்பியா, துப்பாக்கியா,
வீடு திரும்பாத பேர்களா?

அது மைக்கறை என்கிறார்
என் மேலாளர் வாஷிங்டன் பெரெய்ரா.
இருக்கலாம்.
அவர் காபிக்குப் போன நேரத்தில்
பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்:

ஆசிரியர்: எச்செவெரி, கசில்டா.
தலைப்பு: இல்லை.
சொற்கள்: ஒன்று.