மூன்று ஜோடி பூட்ஸ்

ஹாம்பர்க்கின் தெற்கே, வில்ஹெல்ம்ஸ்புர்க்கில்,
கழிவுநீர்க் குழாய் பதிக்க
ஒரு தெருவைப் பிளந்து வைத்திருக்கிறோம்.
குழியோரத் தகரப் பெட்டிதான் என் அலுவலகம்.
சம்பளம், மழைக்கோட்டு, கையுறை, விடுப்பு
எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும்.

மார்ச்சில் தலைமை அலுவலகம் கேட்டது:
கெயோர்க் என்ற தொழிலாளிக்கு
மூன்று ஜோடி பூட்ஸ் வழங்கியிருக்கிறீர்கள்.
அளவு நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு.
விளக்கம் தருக.

ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வேலை அது.
சான்றிதழை மொழிபெயர்க்கச் சொன்னால்
பெயரையே வேரோடு பெயர்த்துவிட்டார்கள்.

நாற்பத்தொன்று, யெஷி. போலந்துக்காரன்.
பெயரின் நடுவே ஒரு கொசு ரீங்கரிக்கும்,
நான் உச்சரித்தால் செத்துவிடும்.
நாற்பத்து நான்கு, கெயோர்கே.
டான்யூப் கரையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன்,
விரலில் சேறு பட்டால் உடனே குழாயைத் தேடுவான்.
நாற்பத்தாறு, யூர்கிஸ், லித்துவேனியன்.
அவனை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.
அழைக்கும் முன்பே வந்து நிற்பான்.

உங்கள் மூவருக்கும் ஒரே பெயராமே என்றேன்.
ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தார்கள்,
ஒரே பஸ் டிக்கெட்டோடு பிடிபட்டவர்கள் போல.
இல்லை என்றான் யெஷி.
என் பெயர் என் ஊரில் விளைந்தது.

முனையில் மீன் பொரிக்கும் யோர்கோஸ்தான்
எண்ணெய்க் கரண்டியோடு சிரித்தான்.
'யீ' என்றால் எங்களுக்கு மண்.
'எர்கோ' என்றால் வேலை.
மண்ணில் பாடுபடுகிறவன், அவ்வளவுதான்.
நானும் அந்தக் கூட்டம்தான்.
இருபது வருஷமாக எண்ணெயை உழுகிறேன்.

அவன் தலைக்கு மேல், புகை படிந்த படத்தில்,
புனிதர் குதிரையிலிருந்து பாம்பைக் குத்திக்கொண்டிருந்தார்.
அந்த ஈட்டி கைக்கு வருமுன்
அதே பெயரில் ஒரு கலப்பை இருந்திருக்கிறது.

ஏப்ரல் இருபத்து மூன்று கெயோர்கேயின் பெயர்நாள்,
கேக் கொண்டுவந்தான்.
யெஷியின் நாள் மறுநாளாம்,
ஒருநாள் பொறுக்க மாட்டீர்களா என்று கோபித்துக்கொண்டான்.
யூர்கிஸ் எதுவும் சொல்லவில்லை.
அவன் ஊரில் அன்று குதிரைகளுக்கு ரொட்டி தருவார்களாம்.
இங்கே குதிரைக்கு எங்கே போவது?
தோண்டும் இயந்திரத்தின் இரும்புப் பல்லில்
ஒரு துண்டு ரொட்டியைச் செருகிவிட்டு
குழிக்குள் இறங்கினான்.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
ஆட்கள் மூவர். கால்கள் ஆறு. பெயர் ஒன்று.
ஆதாரமாக அதன் மற்ற வடிவங்களைக் கீழே தருகிறேன்:
யூரி, யிர்ஷி, ஜொர்டி, கெவோர்க், யோரன்,

யூர்கன்.

எழுதிய பிறகுதான் பார்த்தேன்.
இந்த நாட்டின் மூன்றாவது வீட்டில் இருக்கும் பெயர் அது.
என் வீட்டில் நாங்கள் சொல்லாத பெயர்.

எல்பெ நதியில் தூர்வாரும் கப்பலில் இருந்தார் அப்பா.
ஆற்றின் அடிமண்ணை அள்ளி
ஆற்றிலேயே வேறிடத்தில் கொட்டுவதுதான் வேலை என்பார்.
எனக்கு ஒன்பது வயதில் போனார்.
முப்பது வருஷம் கழித்து ஒரு தாள் வந்தது:
கல் வேண்டாம், பெயர் வேண்டாம்,
ஓல்ஸ்டோர்ஃப் மயானத்துப் புல்வெளியில்
யாரோ ஒருவராகப் புதைத்துவிடுங்கள்.

ஒருமுறை போனேன்.
ஒரு பையன் புல்வெட்டும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான்.
எந்தப் புல்லைப் பார்த்து நிற்பது என்று தெரியவில்லை.
எல்லாப் பக்கமும் பார்ப்பது
யாரையும் பார்க்காத மாதிரியே இருந்தது.
திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை பதில் வந்தது:
விளக்கம் ஏற்கப்படுகிறது.
இனிமேல் பட்டியலில்
ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும்
காலணி அளவைத் தவறாமல் குறிக்கவும்.

குறித்தேன்.
யெஷி நாற்பத்தொன்று. கெயோர்கே நாற்பத்து நான்கு.
யூர்கிஸ் நாற்பத்தாறு.

அப்பாவின் அளவு எனக்குத் தெரியாது.