உடம்படுமெய்

பாசல் நகரில் பழைய சரக்குக் கூடமொன்றின்
மூன்றாம் மாடி.
ஆய்வு மையத்துக்கு இன்னும் பெயர்ப்பலகை வரவில்லை.
எந்த மொழி மேலே, எந்த எழுத்து எவ்வளவு பெரிது என்று
ஏழு வாரமாகக் கடிதப் போக்குவரத்து.
நாற்காலிகள் வந்துவிட்டன, ஆறு.
நாங்கள் ஏழு பேர்.

முதல் நாள் முழுதும் ஒரே சொல்லுக்குப் போயிற்று:
முகவரி.
ஒருவன் தூங்கும் இடமா, வரி கட்டும் இடமா?
ஃப்ரைபுர்க்கிலிருந்து வந்த உல்ஃப்
வெண்பலகையில் அம்புக்குறி போட்டார்.
மியூலூஸின் சொலேன் அதை அழித்தாள்.
உள்ளூர்க்காரர் ரெட்டோ
அவள் அழித்ததை நினைவிலிருந்து மறுபடி வரைந்தார்.

திறப்பு விழாவில் மூன்று நாட்டு அதிகாரிகள்.
'தடையற்ற' என்ற சொல்லைப் பதினொரு முறை சொன்னார்கள்.
நான் எண்ணினேன்.
ஒலிவாங்கியின் செருகி சுவரில் பொருந்தாததால்
எல்லோரும் கத்திப் பேசவேண்டியதாயிற்று.

என் அட்டையில் என் பெயர் பாதி.
நிரோசினி கதிர்காமத்தம்பி என்பதைக்
கட்டங்கள் தீர்ந்த இடத்தில் இயந்திரம் வெட்டியது.
கதிர்காமத்.
வருமொழி வராத ஒற்று
பதினாறு வருடமாக
காற்றில் ஒரு காலைத் தூக்கி நிற்கிறது.
இந்த வேலைக்கான நேர்காணலில் அந்த அட்டையைத்தான் காட்டினேன்.
வேறு தகுதி கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன்,
ஆனால் சிரித்தார்கள்.

எங்கள் முதல் கோப்பு ஓடில் ஷ்னேப்லேன்.
வீடு பிரான்சுப் பக்கம், சான் லூயியில்.
முப்பத்தொரு வருடம் பாசலில் தொழிற்சாலைச் சமையலறை.
கணவர் வேலை பார்த்தது ஜெர்மனியில், லோராக்கில்.
மாசியில் அவர் இறந்தார்.
நகரசபைக்குத் தெரியும். வங்கிக்குத் தெரியும்.
ரயில் சலுகை அட்டைக்காரர்களுக்குக்கூடத் தெரியும்.
ஓர் அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது.
அது எழுதியது:
*தாங்கள் உயிரோடிருப்பதை*
*தங்கள் கையொப்பத்துடன் உறுதிசெய்க.*

ஓடில் கடிதத்தை மேசையில் நீவி வைத்தாள்.
"அவர் கையெழுத்து எனக்கு நன்றாக வரும்.
போட்டுவிடட்டுமா?"

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் எனக்குக் கசக்கும்.
ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டது.
எல்லை என்றொரு சொல். ஊர் என்றொரு சொல்.
இரண்டு உயிர் நேருக்கு நேர் நின்றால்
ஒன்றையொன்று ஏற்காது.
நடுவில் ஒரு ய் வரவேண்டும்.
அதற்குத் தனிப் பொருள் இல்லை,
அகராதியில் இடமில்லை.
வந்த பிறகு அது வந்ததே தெரியாது.
எல்லையூர்.

மாதச் சம்பளத்துக்கு நாங்கள் செய்வது அந்த ய்.

செய்தியை அனுப்பினோம்.
மறுமுனை திருப்பியது:
*இறந்த நாள். எதிர்பாராத மதிப்பு.*
சொலேன் திரையைப் பார்த்து ஏதோ சொன்னாள்,
எந்த மொழியிலும் அச்சிட முடியாதது.
புள்ளியை மாற்றினோம். பூச்சியத்தை நீக்கினோம்.
ரெட்டோ தேநீர் போடப் போனார்.
ஒன்பதாவது தடவை, வியாழன் மாலை நான்கு பத்துக்கு,
ஒரு மனிதர்
மூன்று நாட்டிலும் ஒரே நாளில் இறந்திருந்தார்.

யாரும் கைதட்டவில்லை. உல்ஃப் சன்னலைத் திறந்தார்.

ஓடிலுக்கு நான்தான் தொலைபேசினேன்.
இனி அந்தக் கடிதம் வராது என்றேன்.
சற்று நேரம் பேச்சில்லை.
பிறகு,
"அப்படியானால் இனி
அவர் பெயருக்கு எதுவுமே வராது."

இதற்கு நாங்கள் கட்டம் வைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் ரயில்
மின்னழுத்தம் மாறும் இடத்தை நெருங்கியது.
இந்த நாட்டுக் கம்பியும் இல்லை, அந்த நாட்டுக் கம்பியும் இல்லை.
விசிறிகள் நின்றன.
இருந்த வேகத்தைக் கொண்டே
பெட்டிகள் உருண்டன.
எதிரிலிருந்த பையன் தலை நிமிர்த்தி
என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தான்.
ஒன்றுமில்லை என்று சொல்ல
எந்த மொழியில் தொடங்குவது என்று நான் யோசிப்பதற்குள்
விசிறிகள் சுழன்றன.