தலைக்கு எண்பது வெள்ளி

பெண் பார்க்க வந்தபோது
நகராண்மைக் கழகத்தில் வேலை என்றார்கள்.
மாடு பிடிக்கிற வேலை என்று யாரும் சொல்லவில்லை.
தாலி கட்டுகையில்தான் சந்தேகம் வந்தது:
மூன்று முடிச்சையும் அவரே போட்டுவிட்டார்,
கண் இமைக்கும் நேரத்தில்.
நாத்தனார் கையை நீட்டியபடியே நின்றாள்.

நைலான் கயிறு, பதினாறு முழம்.
முறுக்கு இறங்க வேண்டுமென்று
இராத்திரியெல்லாம் எங்கள் கம்பிக்கதவில்
கல் கட்டித் தொங்கும்.
அங்கே துணி காயப்போட எனக்கு உரிமையில்லை.

அவர் வீசிப் பார்த்தது ஒரே ஒரு முறை,
ஜாவி செம்பனைக் காட்டோரம்.
அப்போது எனக்கு ஏழு மாதம்.
தலைக்கு மேல் இரண்டு சுற்று.
மூன்றாவது சுற்று
வேடிக்கை பார்க்கிறவனுக்கு என்பார்.
கயிறு காற்றில் வாய் திறந்தது.
மாடு அதற்குள் தலையைக் கொடுத்தது,
பழகின வீட்டில் நுழைவது போல.

தொண்ணூற்றெட்டு. ஹஜ்ஜுப் பெருநாள் வாரம்.
பிறை மேம்பாலத்தடியில்
லோரியிலிருந்து குதித்த ஆஸ்திரேலியக் காளை.
கயிற்றை வண்டிக் கொக்கியில் சுற்றுவதற்குள்
நடுவே அகப்பட்டது வலது பெருவிரல்.
காளை நின்றுவிட்டது.
விரல் நிற்கவில்லை.
தேவசகாயம் அதை ஐஸ் மைலோ பையில் போட்டு
மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினான்.
ஒட்டவில்லை.
நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதினேன்:
காளை ஒன்று, எண்பது வெள்ளி.
விரலுக்கு என்ன கணக்கு என்று தெரியவில்லை.

மாடு வளர்க்கிறவர்கள் எல்லாம் நம் ஆட்கள்.
கோயிலில் திருநீறு வாங்கும்போது
ஒருத்தியாவது முகத்தைத் திருப்புவாள்.
மாட்டுப் பொங்கலன்று மட்டும்
கைப்பேசியை அணைத்து அரிசிப் பானையில் வைப்பார்.
வெட்கமா, விரதமா,
இதுவரை கேட்டதில்லை.

என் அண்ணன் பூமாலையின் செவலையையும் பிடித்தார்.
வாசலில் நின்று அண்ணன் கத்தினான்,
அவர் காய்ந்த சோற்றுக்கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.
மறு வாரம் துவைக்கும்போது
சட்டைப்பையில் அபராத ரசீது,
செவலையின் பெயருக்கு, இருநூற்றைம்பது.
வரவு எண்பது. செலவு இருநூற்றைம்பது.
அதையும் எழுதினேன்.
அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது,
மாட்டை எழுத்தர் இரக்கப்பட்டு விட்டதாக நினைப்பு.

மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.
இரண்டு விலா. ஒரு முழங்கால்.
நான்கு விரல் கை வீசுவதற்குப் போதும் என்கிறார்.
சட்டைப் பொத்தான் போட மட்டும் நான் வேண்டும்.

நேற்று விடியற்காலை நிபோங் திபாலிலிருந்து அழைப்பு.
டோல் பக்கம், மழை, ஒற்றைப் பசு.
எட்டு மணிக்கு வந்து
"ஓடிப்போச்சு" என்றார்.
ஓடுகிற நிலையில் இல்லையாம் அது.
வயிறு தரையைத் தொட்டதாம்.
இவரே செம்பனைக்குள் ஓட்டிவிட்டு
ஒரு சிகரெட் முடிகிறவரை நின்றாராம்.
சொன்னது தேவசகாயம்.

நாட்காட்டித் தாளைக் கிழித்து, பேனாவைத் திறந்து
என்ன எழுத என்று கேட்டேன்.
குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது:
"மழைன்னு எழுது."