எல் ஒன்

சாக்குத் தைக்கும் நூல், இருநூறு கிலோ.
மூன்று விலைப்புள்ளி இல்லாமல்
எங்கள் புதுவயல் ரைஸ்மில்லில்
ஒரு ஊசிகூட வாங்க முடியாது.
மூன்று உறை வந்தது.
மூன்றிலும் 'உறுதி'க்கு 'உருதி',
மூன்றிலும் ஒரே மூலையில் கோந்து வழிசல்.

காத்தமுத்து அண்ணன் கையெழுத்தை
ஏழு வருடமாகப் பார்க்கிறேன்.
செக்காலை ரோட்டில் அவர் கடைக்கு இருபுறமும்
இருந்தவர்கள் ஷட்டரை இறக்கியபோது
மிஞ்சிய லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும்
அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன.
நல்லாண்டவர் ஏஜென்சி இப்போது செல்போன் கடை.
சாத்தப்பர் டிரேடர்ஸில் பேக்கரி.
என்னுடைய ஒப்பீட்டுப் பட்டியலில் மட்டும்
மூன்று கடையும் காலை ஒன்பதுக்குத் திறந்து
ஒன்றையொன்று விலையில் முறைத்துக்கொள்ளும்.
ஆடிட்டருக்கு அது போதும்.
எனக்கும் போதும் என்றுதான் இருந்தேன்.

இந்த முறை அண்ணன் கை தவறிவிட்டது.
தனக்கு நூற்று நாற்பத்தெட்டு.
நல்லாண்டவருக்கு நூற்று அறுபத்தொன்று.
சாத்தப்பருக்கு நூற்று எழுபத்துமூன்று போடப்போய்
நூற்று முப்பத்தேழு.

குறைந்த விலையை விட்டு
அடுத்ததற்குப் போனால் காரணம் எழுத வேண்டும்.
அதற்கென்று ஒரு கட்டம்,
இருபது எழுத்துக்கு மேல் கொள்ளாது.
'கடை இல்லை' என்று எழுதலாம். எழுதினால்
ஏழு வருடத்துக் கோப்பும் வாய் திறக்கும்.
கொள்முதல் ஆணையைச் சாத்தப்பர் பெயரிலேயே அடித்தேன்.
புது சாஃப்ட்வேர்,
பதிவில் கிடந்த நம்பருக்குத்
தானாகவே குறுஞ்செய்தி போட்டது.

இரவு பதினொன்றுக்குப் போன்.
தை அறுவடை, நானும் மில்லில்தான்.
"உமையாளா? சாத்தப்பன் பேசுறேன்.
நான் கொட்டேஷனே போடலையே."
கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்கு
ராத்திரிக் காவலாம். பின்னால்
சினிமாக்காரர்கள் விளக்குக் கட்டும் சத்தம்.
அவர் கணக்கைத் திரையில் திறந்தேன்.
கொடுக்க வேண்டியது என்ற வரிசையில்
பதினோராயிரத்து எண்ணூற்று அறுபது
நாலு வருடமாக உட்கார்ந்திருந்தது,
எங்களிடமிருந்து அவருக்கு.

"சரி, பணம் எத்தனை நாள்ல?"
"தொண்ணூறு நாள்."
"அப்பவும் தொண்ணூறுதான்" என்று சிரித்தார்.
சிரித்து முடித்த பிறகும்
போனை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காத்தமுத்து அண்ணன்
சரக்கு ஆட்டோவில் நூல் இறக்கினார்.
பில்லில் சாத்தப்பர் முத்திரை, மை இன்னும் ஈரம்.
என்னைப் பார்க்கவில்லை,
எடைமேடை முள்ளையே பார்த்தார்.
கிலோவுக்கு எவ்வளவு கைநட்டம் என்று
நானும் கேட்கவில்லை.
ஒரு இழையை விரலில் சுற்றி இழுத்தேன்.
விரல்தான் சிவந்தது.
சரக்கு வரவுச் சீட்டில் தரம் என்ற இடத்தில்
எழுதினேன்: உருதி.

பழைய நிலுவையைப் புது பில்லோடு குத்தி
முதலாளி மேசையில் வைத்திருக்கிறேன்.
இன்றோடு நாற்பத்தொரு நாள்.