முப்பத்துமூன்று நாள் செல்லும்

நாய் உரிமமும் இந்தச் சன்னலில்தான் தருகிறேன்.
வெறிநோய்க்கு ஊசி போட்ட சான்று இருந்தால் போதும்,
ஒரு வருடம் செல்லும்.
கல்யாண உரிமத்துக்கு ஊசி எதுவும் வேண்டாம்.
முப்பத்துமூன்று நாள்.
அதற்குள் கட்டிக்கொள்ளாவிட்டால்
தாள் வெறும் தாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
சுப்பீரியர் ஏரிக் காற்றில்
நீதிமன்றக் கதவு தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்த காலையில்
வந்தார்கள்.
ரௌனோ ஹெய்க்கிலா, அறுபத்தொன்று,
பனி வாரும் வண்டி ஓட்டுபவன்.
மார்வெல் தொஸ்ஸவா, ஐம்பத்தெட்டு,
பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடிப்பவள்.
என் பிள்ளைகள் இருவருக்கும்
உருளைக்கிழங்கு மசித்துப் போட்டவள்.

தெரிந்தவர்கள்தான்.
ஆனாலும் அடையாள அட்டை கேட்டேன்.
சட்டம் என்னை அவர்களுக்கு
அந்நியமாக்கும் எட்டு நிமிடம் அது.

படிவத்தில் ஒரு கேள்வி:
முந்தைய திருமணம் எப்படி முடிந்தது?
மரணம், மணவிலக்கு.
இரண்டே கட்டங்கள்.
மூன்றாவதாக ஒன்று கேட்டவர்களும் உண்டு.

சங்கிலி போட்டுக் கட்டிய பேனாவை எடுத்தாள் மார்வெல்.
மரணம் என்ற கட்டத்தில் பெருக்கல் குறி.
தேதியை யோசிக்காமல் எழுதினாள்.
எனக்கும் அது யோசிக்காமல் தெரியும்.
அந்தச் சான்றிதழில் முத்திரை குத்தியது நான்,
இதே முத்திரை.
பதினொரு நகல் கேட்டாள் அன்று.
வங்கிக்கு, படகுக்கு, ஓய்வூதியத்துக்கு என்று
எண்ணிக்கொண்டே வந்தவள்
ஒன்று மட்டும் எதற்கென்று சொல்லவில்லை.

ரௌனோ விழித்தான்.
"ஜூன் பதினொன்றா, பன்னிரண்டா?"
சேர்ந்த தேதியை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.
பிரிந்த தேதியும் மறக்கும் போல.
கையுறையைப் பல்லால் கழற்றி
யாரையோ அழைத்தான்.
காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டான்.

"பன்னிரண்டு" என்றது ஒரு பெண்குரல். "வெள்ளிக்கிழமை.
அன்றைக்கும் நீ தாமதமாகத்தான் வந்தாய்."
பிறகு,
"அவள் பக்கத்தில் இருக்கிறாளா?"

பெஞ்சில் நாயோடு காத்திருந்த ஆள்கூட நிமிர்ந்தான்.

"ஈரக் காலுறையை ரேடியேட்டர் மேல் காயப்போடுவான்.
இருபது வருடம் சண்டை போட்டேன்.
இப்போது என் வீட்டில் அந்த நாற்றம் இல்லை,
அவ்வளவுதான் லாபம்.
விட்டுவிடு, மார்வெல்.
வாழ்த்துகள்."

வைத்துவிட்டாள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அப்புறம் மார்வெல் சிரித்தாள்.
தட்டுகள் மொத்தமாகக் கீழே விழுந்தால்
ஒரு சத்தம் வருமே, அது.

வலது கையைத் தூக்கச் சொன்னேன்.
எழுதியதெல்லாம் உண்மை என்றார்கள்.
இருபது டாலர். அவன் பதினைந்து, அவள் ஐந்து.
மூன்று நாள் கழித்து வாருங்கள் என்றேன்.
ஆயிரங்காலத்துப் பயிரானாலும்
அரசாங்க நாற்றங்காலில்
மூன்று நாள் கிடந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை பனிப்புயல்.
ஊரே கதவடைத்தது.
சாவி என்னிடம் இருந்ததால் நான் மட்டும் வந்திருந்தேன்.
நாலரை மணிக்குச் சன்னல் அதிர்ந்தது.
சுவரெல்லாம் மஞ்சள் விளக்கு சுழன்றது.
படிக்கட்டுவரை சாலையை வாரிக்கொண்டே வந்து
நின்றது வண்டி.
எஞ்சினை அணைக்காமல் இறங்கினான் ரௌனோ.
உள்ளே மார்வெல், மடியில் ஒரு பிளாஸ்க்.

தாளைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போட்டான்.
வாசல்வரை போனவன் திரும்பி,
"நீ எப்படி வீட்டுக்குப் போவாய்?" என்றான்.

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் போனேன்.
கண்ணாடிக்கு முன்னால் சாலை இல்லை,
போகப் போக உண்டானது.
ஹீட்டர் துவாரத்தின் மேல்
ஒரு ஜோடி காலுறை காய்ந்துகொண்டிருந்தது.
அதைப் பற்றி
மூவரும் பேசவில்லை.