உப்புப் பார்க்காத காலை

எட்டரைக்குப் பிறகு ஒண்டும் வேண்டாம்,
வெறுந்தண்ணி மட்டும் என்று
துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தாள் தாதி.
எட்டரைக்குத்தான் நான் சாப்பிடவே குந்துகிறனான்,
கடை பூட்டி, சட்டி கழுவி,
மிஞ்சின இடியப்பத்தில் மிஞ்சின சொதியை ஊற்றி.

நேற்று ஏழரைக்கே சாப்பிட்டேன்,
சனம் இருக்க, முதுகைக் காட்டிக்கொண்டு,
களவெடுத்தவள்போல.

மூன்றரைக்கு எழும்பி மாக் குழைத்தேன்.
சம்பலை இடித்து, வழக்கம்போல
ஒரு கிள்ளு எடுத்து
உதடுவரை கொண்டுபோய் நிறுத்தினேன்.
பத்தொன்பது வருடத்தில் முதல்முறை
உப்பைக் கண்ணால் பார்த்தேன்.
கண்ணுக்கு உப்புத் தெரியாது.

நிலாந்தினியிடம் லாச்சித் திறப்பைக் கொடுத்துவிட்டு
பாலிநகரில் முதல் பஸ்.

மல்லாவி ஆஸ்பத்திரியில்
வரிசையில் நின்றவை கிளினிக் கொப்பிகள்,
காற்றுக்குப் பறக்காமல் மேலே அரைச் செங்கல்.
சொந்தக்காரர்கள் வேம்பின் கீழே.
பசியோடு கதைத்தால் என்ன கதை வரும்?
வவுனிக்குளத்து விராலுக்குப் பழப்புளியா மாங்காயா என்று
இரண்டு பேர் அடிபட்டார்கள்.
என்னைக் கேட்டார்கள்.
எச்சிலை விழுங்கிவிட்டுப்
பழப்புளி என்றேன்.

செபமாலை அண்ணையை மட்டும் திருப்பி அனுப்பினார்கள்.
"பிளேன்ரீதானே குடிச்சனான், பிள்ளை.
சீனி தொடேல்லை.
பனங்கட்டிதான் கடிச்சனான்."
வியாழன் வரச் சொன்னார்கள்.
வேம்பின் கீழ் எல்லோரும் சிரித்தோம்,
வெறுவயிற்றில் சிரித்தால் விலா நோகும்.

"பசி கிடந்தா தலை சுத்திறதோ, அம்மா?"
"இல்லை, பழக்கம்."
தாதி நிமிர்ந்து பார்த்தாள்.
அந்த வருடம் அவளுக்குப் பத்து வயது இருந்திருக்கும்.
எங்கே இருந்தாள் என்று நான் கேட்கவில்லை,
அவளும் கேட்கவில்லை.
நரம்பை இரண்டு விரலால் தட்டினாள்.
இடக்கையில் கிடைக்கவில்லை,
வலக்கையில் கிடைத்தது.

பஞ்சை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு
பார்சலை அவிழ்த்தேன்.
என் இடியப்பம், என் சம்பல்.
முதல் வாயிலேயே தெரிந்தது:
உப்புப் போடவே இல்லை.
இந்நேரம் நாற்பது பேராவது சாப்பிட்டிருப்பார்கள்.

போன் எடுத்தேன்.
"ஆரும் ஏதும் சொன்னவையோ?"
"சம்பலைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அக்கா,"
என்றாள் நிலாந்தினி.
பின்னால் கோப்பைகள் முட்டும் சத்தம்.
"ரெண்டு மூண்டு பேர் கேட்டவை,
அக்காவுக்குச் சுகமில்லையோ எண்டு."